சிலேட்டும் பலகைக் கணினியும்: தோட்டத்துப் பாட்டி சொன்ன பாடம்



அண்மையில் ரஹாங்கில் வசிக்கும் மாணவி ஒருத்தியின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். பேச்சுக்கிடையே அவளுடைய தாயார் அலமாரியிலிருந்து ஒரு டேப்லெட்டை எடுத்து வந்தார். 2021-ஆம் ஆண்டில் மூத்த மகன் வீட்டிலிருந்து படிப்பதற்காக வாங்கியது. "ரொம்ப மெதுவாகிவிட்டது சார். புதுச் செயலி எதுவும் ஏறமாட்டேன் என்கிறது. போட்டுவிடலாமா?" என்று கேட்டார். பக்கத்தில் அமர்ந்திருந்த பாட்டி சிரித்தார். "தோட்டத்தில் என் சிலேட்டு ஒரு மூலை உடைந்து போனது. நான் எழுதி முடித்த பிறகு இரண்டு தம்பிகளும் அதில்தான் எழுதினார்கள்" என்றார். அந்தச் சொற்களே இக்கட்டுரைக்கு வித்து.

டேப்லெட்டைத் தமிழில் பலகைக் கணினி என்கிறோம். கையில் பலகை ஏந்திப் படிப்பது நமக்குப் புதியதன்று. அந்தப் பலகையின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தால், தாயாரின் கேள்விக்கும் விடை கிடைக்கும்.

மணலிலிருந்து கல்லுக்கு

பழந்தமிழ்த் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகினர். எழுதியதை அழித்து மீண்டும் எழுதலாம், செலவு ஏதுமில்லை. தேர்ச்சி பெற்ற மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குக் கற்பித்தான். 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரு பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதைக் கைக்கொண்டார். மாணவர் மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தார். 1797-இல் இலண்டனில் அது பற்றி நூலாக வெளியிட்டார். அம்முறை 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே இங்கிலாந்தில் பரவியது. கருவி எளியதாக இருந்தாலும் கற்பிக்கும் முறை சிறந்ததாக இருந்தால் கல்வி நடக்கும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

மணலுக்கு அடுத்து வந்தது கற்பலகை, அதாவது சிலேட்டு. தாளும் மையும் விலை உயர்ந்திருந்த காலத்தில், அழித்து அழித்து எழுதக்கூடிய சிலேட்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் பெருந்துணையாயிற்று.

தோட்டத்துப் பள்ளியில்

மலாயாவில் தமிழ்க்கல்வி 1816-ஆம் ஆண்டு பினாங்கில் தொடங்கியது. பின்னர் இரப்பர் பெருகிய காலத்தில், நெகிரி செம்பிலானின் ரந்தாவ், லாபு முதலிய வட்டாரங்களின் தோட்டங்களுக்கும் தமிழர் வந்து சேர்ந்தனர். 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. சட்டம் கூறியதே தவிர, பல தோட்டங்களில் பள்ளி என்பது ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர் என்ற அளவில்தான் இருந்தது. கங்காணியோ கிராணியோ ஆசிரியராக நின்ற இடங்களும் உண்டு.

அத்தகைய பள்ளியில் சிலேட்டு ஒரு குடும்பச் சொத்து. அக்காள் எழுதியது தங்கைக்கு வரும். சட்டம் கழன்றால் கயிற்றால் கட்டுவார்கள். விரிசல் விட்டால் விரிசலுக்கு இப்புறம் எழுதுவார்கள். சிலேட்டால் எல்லாவற்றையும் செய்ய முடியாது. எழுதவும் கணக்குப் போடவும் மட்டுமே முடியும். அந்த இரண்டையும் அது நன்றாகச் செய்தது. அதனால்தான் உடைந்த பின்னும் அது குப்பைக்குப் போகவில்லை.

திரைக்கு வந்த பலகை

1972-ஆம் ஆண்டில் ஆலன் கே என்ற அமெரிக்க அறிஞர், பிள்ளைகள் கையில் ஏந்திச் செல்லக்கூடிய 'டைனாபுக்' என்ற கணினியைக் கற்பனை செய்து கட்டுரை எழுதினார். பலகைக் கணினி என்ற எண்ணமே பிள்ளைகளின் கல்வியை மனத்தில் கொண்டு வளர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஐபேட் 2010-இல் வந்த பிறகே அது உலகெங்கும் வீடுகளுக்குள் நுழைந்தது.

தமிழ் திரையில் ஏறியதில் மலேசியருக்குப் பெரும் பங்குண்டு. முத்து நெடுமாறன் 1980-களில் உருவாக்கிய முரசு அஞ்சலும், 2005-இல் கைப்பேசிக்கு வந்த செல்லினமும் நாம் அறிந்தவையே. ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரிந்த காலமும் இருந்தது. இன்று 'பழையது' என்று நாம் ஒதுக்கும் கருவிகளில் பெரும்பாலானவை தமிழைப் பிழையின்றிக் காட்டும்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, நம் பிள்ளைகளின் நிலை வெளிச்சத்திற்கு வந்தது. நாட்டு மாணவர்களில் ஏறத்தாழ 37 விழுக்காட்டினரிடம் எந்தக் கருவியும் இல்லை என்று கல்வி அமைச்சின் ஆய்வு தெரிவித்தது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரே கைப்பேசி. அதுவும் தந்தை வேலை முடிந்து வந்த பிறகுதான். 2021-இல் 'செர்டிக்' திட்டத்தின் வழி 150,000 கருவிகளை வழங்க ஏற்பாடாயிற்று. கடன் பட்டுச் சொந்தமாக வாங்கிய பெற்றோரும் உண்டு. அப்படி வந்த கருவிகள்தாம் இன்று அலமாரியில் உறங்குகின்றன.

ஒரு வேலைக்கு ஒரு பலகை

பழைய பலகைக் கணினியைப் புதியதுபோல் ஓடச் செய்ய முயல்வதே நாம் செய்யும் பிழை. சிலேட்டைப்போல் அதற்கும் ஓரிரு வேலைகளை மட்டும் கொடுத்தால் போதும். அந்தத் தாயாரிடம் நான் கூறியவை இவை:

1. படங்களை வேறிடத்தில் சேமித்துவிட்டு, முதலில் பழைய கணக்கை நீக்குங்கள். அதன் பிறகே கருவியைத் தொடக்க நிலைக்கு மீட்டமையுங்கள். கணக்கை நீக்காமல் மீட்டமைத்தால் பழைய கடவுச்சொல்லைக் கேட்டு அடம்பிடிக்கக்கூடும்.

2. அதை வாசிப்புப் பலகையாக்குங்கள். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை இலவசமாக வழங்குகிறது. வேறு கணினியில் நூல்களை இறக்கிக் கம்பிவழி மாற்றிக்கொண்டால் இணையமே தேவையில்லை. இணையத்தைத் துண்டித்து வைத்தால் மின்கலமும் நெடுநேரம் தாங்கும். விளையாட்டு, விளம்பரத் தொல்லையும் இராது.

3. அதைக் குரல் பலகையாக்குங்கள். பிள்ளை ஒரு பத்தியை வாசித்துப் பதிவு செய்து, தானே கேட்கட்டும். லகர, ளகர, ழகரப் பிழைகள் அவளுக்கே புலப்படும். பாட்டியின் தோட்டத்துக் கதைகளையும் அதிலேயே பதியலாம்.

4. வங்கிக் கணக்கு, பணப் பரிமாற்றம் ஆகியவற்றை அதில் வைக்காதீர்கள். பாதுகாப்பு மேம்பாடு நின்றுபோன கருவி அதற்கு ஏற்றதன்று.

5. வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள். மின்கலம் உப்பிப் பின்புறம் மேலெழுந்தால் உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். சாதாரணக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிப்பு நிலையத்தில் ஒப்படையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஓலைச்சுவடி நிலைத்தது ஓலையின் வலிமையால் அன்று. செல்லரிக்குமுன் ஒருவர் அமர்ந்து புதிய ஓலையில் படியெடுத்தார், அதனால் நிலைத்தது. பாட்டியின் குரலை இன்று பதிந்தால், நாளையே அதை வேறொரு கருவியிலும் படியெடுத்து வையுங்கள். பலகை ஒருநாள் போகும், குரல் போகக்கூடாது.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் தேவை. பழையதைப் பேணுவது நம் சிக்கனம். பழையதே நம் பிள்ளைகளுக்குப் போதும் என்று பிறர் முடிவு செய்வது அநீதி. தோட்டத்துக் கொட்டகைப் பள்ளியில் படித்த தலைமுறை இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை நன்கு உணர்ந்திருந்தது. உடைந்த சிலேட்டில் எழுதினார்கள். அதே வேளையில் நல்ல பள்ளி வேண்டும் என்று கேட்பதையும் நிறுத்தவில்லை. நாமும் அவ்வாறே இருப்போம்.

அடுத்த வாரம் அம்மாணவியைப் பள்ளியில் கண்டேன். "பாட்டி மூன்று கதை சொல்லியிருக்கிறார் சார்" என்றாள். அலமாரியில் உறங்கிய பலகை விழித்துக்கொண்டது.

அன்புடன், உங்கள் தமிழாசிரியன்.