அரசாங்கமே ஏல் ருசி பார்த்த காலம்

அரசு உத்தியோகத்தில் எத்தனையோ தினுசு உண்டு. குமாஸ்தாவாக இருந்தே ஓய்வு பெற்றவன் நான், எனக்குத் தெரியாததா? ஆனால் குடித்துப் பார்த்து மதிப்பு சொல்வதற்கென்றே ஒரு பதவி இங்கிலாந்தில் இருந்தது என்றால் நம் நண்பர்கள் சிரிப்பார்கள். அந்தப் பதவிக்கு ‘ஏல் கானர்’ என்று பெயர். 1266-ஆம் ஆண்டு வாக்கில் வந்த சட்டம், தானிய விலையைப் பார்த்து ரொட்டிக்கும் ஏலுக்கும் விலை கட்டியது. சரக்கு சுத்தமா, கேட்கிற விலைக்குத் தகுமா என்று வாயில் வைத்துப் பார்த்துச் சொல்வது இவர் வேலை. தவறியவர்களுக்கு அபராதம். ஷேக்ஸ்பியரின் தகப்பனார் ஜான் ஷேக்ஸ்பியர் 1556-இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் இந்த உத்தியோகம் பார்த்தவர்தான். ஏலை பெஞ்சில் ஊற்றி, தோல் கால்சட்டையோடு அதன் மேல் உட்கார்ந்து, ஒட்டுகிறதா என்று பார்ப்பார்களாம். அது கட்டுக்கதை. வாய் இருக்கும்போது கால்சட்டை எதற்கு?

ஏல் என்பது பீரில் ஒரு வகை. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, வடித்த சாற்றை ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைப்பது. ஏலில் ஈஸ்ட் நுரைத்து மேலே வரும். மிதமான சூட்டில் சில நாளில் வேலை முடியும். இன்று நம் ஊரில் விற்பதெல்லாம் ஏறக்குறைய லாகர். அது குளிரில் மெதுவாகப் புளித்து, நெடுநாள் குளிரிலேயே கிடந்து தெளிவது.

‘ஸ்ட்ராங்’ என்ற சொல் எப்படி வந்தது என்பதற்கு நம் அடுக்களையிலேயே உதாரணம் இருக்கிறது. ஒரே தேங்காய்த் துருவலில் முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் எடுக்கிறோம் அல்லவா? அவர்களும் ஒரே பார்லியில் அப்படியே எடுத்தார்கள். கெட்டியான முதல் சாறு ஸ்ட்ராங் ஏல். கடைசியில் வந்தது ‘ஸ்மால் பீர்’; வேலைக்காரர்களும் குழந்தைகளும்கூடக் குடித்தது. ஆக, ஸ்ட்ராங் என்றால் போதை மட்டுமல்ல. அதிக தானியம், அதிக விலை, நாள்பட வைக்கத் தாங்கும் சரக்கு. அக்டோபரில் காய்ச்சி, ஓரிரு வருஷம் பீப்பாயில் போட்டு வைத்த ஏலுக்குப் பணக்காரர் வீடுகளில் பெரிய மதிப்பு.

1643-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் பீருக்கு வரி போட்டதும் நாக்கு ஓரங்கட்டப்பட்டது. பீப்பாய் 6 ஷில்லிங்குக்கு மேல் விற்றால் ஸ்ட்ராங், அதற்குக் கீழே ஸ்மால் என்று பிரித்தார்கள். குமாஸ்தாவுக்கு வசதியான கணக்கு! 1880-இல் கிளாட்ஸ்டன், சாற்றின் அடர்த்தியைக் கருவியால் அளந்து வரி போட்டார். பிரான்சில் கே-லுசாக் 1824-லேயே ஆல்கஹாலுக்கு அளவுகோல் செய்து கொடுத்துவிட்டார். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு ‘டிகிரி’ என்றாலே அவர் பெயர்தான் ஞாபகம் வரும்.

இந்தியாவுக்கு வருவோம். லண்டனில் பௌ என்ற இடத்தில் ஹாட்ஜ்சன் என்பவரின் பீர்ச்சாலை, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கம். கப்பல் கேப்டன்களுக்குக் கடனுக்கே சரக்கு கொடுத்தார்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி, நாலைந்து மாதம் உருண்டு வந்த அந்த ஏல் கெடாமல், ருசி கூடி வந்தது. 1820-களில் பர்ட்டன் ஊர்க்காரர்களும் போட்டிக்கு வந்தார்கள். இதுதான் ‘இந்தியா பேல் ஏல்’. பயணத்துக்காகவே அதை ரொம்ப ஸ்ட்ராங்காகக் காய்ச்சினார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள்; அது சரியல்ல. அந்தக் கால இங்கிலாந்துக் கணக்கில் அது நடுத்தரம்தான். அதைக் காப்பாற்றியது ஹாப்ஸ் பூவின் கசப்பு.

பெயரில் இந்தியா இருக்கிறது. இந்தியாவில் அந்தச் சரக்கு தங்கவில்லை. இமயமலைப் பக்கம் எட்வர்ட் டயர் (ஜாலியன்வாலா பாக் டயரின் தகப்பனார்) தொடங்கிய பீர்ச்சாலையின் ‘லயன்’ பேல் ஏலாகத்தான் பிறந்தது. 1960-களில் அதுவும் லாகராகிவிட்டது. நம் ஒரகடத்தில் இன்னொரு இங்கிலாந்துக்காரனைப் பாருங்கள். ராயல் என்ஃபீல்டு புல்லட் 1955-இல் திருவொற்றியூரில் கால் வைத்து, 2013-இல் இங்கே பெரிய ஆலையாக எழுந்து நிற்கிறது. பிறந்த ஊரில் கம்பெனி மூடியபிறகும் இங்கே வாழ்கிறது. ஏலுக்கு அந்த யோகம் இல்லை.

இங்கே 1948-இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-இல் தளர்ந்தது, மறுபடி வந்தது, 1981-இல் மறுபடி தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக், 2003-இலிருந்து சில்லறைக் கடையும் அதன் கையில். இத்தனை வருஷத்தில் யாரும் ருசியைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை. ஷிப்டு முடிந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வரிசையில் நிற்கும் பையன்கள் கடைக்காரரிடம் கேட்பது, “அண்ணே, ஸ்ட்ராங் இருக்கா? கூலிங்கா?” அவ்வளவுதான். 650 மில்லி பாட்டில்; ஸ்ட்ராங் என்றால் 8 சதவீதம் வரை. முதல் பாலா மூன்றாம் பாலா என்று கேட்க வழியே இல்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்தவனுக்கு, கொடுத்த காசுக்கு எவ்வளவு சீக்கிரம் ஏறும் என்பதே கணக்கு. அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வேறு கணக்கை அவனுக்கு யாரும் காட்டவில்லையே.

மருமகனோடு வேலை பார்க்கும் இங்கிலாந்துப் பொறியாளர் ஊரிலிருந்து வரும்போது ஃபுல்லர்ஸ் வின்டேஜ் ஏல் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். 1997 முதல் வருஷத்துக்கு ஒருமுறை காய்ச்சுவது, 8.5 சதவீதம். நம் ஸ்ட்ராங்குக்கும் அதற்கும் எண்ணில் அரை சதவீதம்தான் வித்தியாசம். ஐஸ் வைக்க வேண்டாம் என்று அவர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். மூன்று பேருக்குச் சின்னச் சின்ன டம்ளர். நல்ல செம்பு நிறம். முதலில் பாகு வெல்ல வாசனை, பிறகு காய்ந்த திராட்சை, கடைசியில் ஆரஞ்சுத் தோல் கசப்பு. அடியில் ஈஸ்ட் வண்டல். அதை ஊற்றாமல் நிறுத்தினார். அரை டம்ளருக்கு அரை மணி நேரம் ஆனது. வேகமாகக் குடிக்க முடியாத சரக்கு.

மார்க் போடச் சொன்னார்கள். எங்கள் பள்ளியில் எல்லாம் இருபதுக்குத்தான். பதினாறு வாங்கியவனை ஊரே திரும்பிப் பார்க்கும். நான் பதினான்கு போட்டேன். இனிப்பு கொஞ்சம் தூக்கல். பொறியாளர் முகம் சுருங்கிவிட்டது. புதுச்சேரியில் பதினான்கு என்றால் என்னவென்று மருமகன் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது.