வயர் ஒருவருடையது, பில் இன்னொருவருடையது

அவுஸ்திரேலியாவில் இருக்கும் எங்கள் உறவுகள் வீட்டு இணையத்துக்கு ரெல்ஸ்ட்ரா, ஒப்டஸ் போன்ற நிறுவனங்களுக்குக் காசு கட்டுகிறார்கள். ஆனால் பெரும்பாலான வீடுகளுக்கு வரும் வயர் அந்த நிறுவனங்களுடையதல்ல. அது 2009இல் அரசாங்கம் தொடங்கிய என்.பி.என். கம்பனியின் வலையமைப்பு. அது வீடுகளுக்கு நேரடியாக விற்பதில்லை, சேவை நிறுவனங்களுக்கு மொத்தமாக மட்டுமே விற்கும். அதனால் நிறுவனம் மாறினாலும் வயர் மாறாது. எங்கள் ஊரில் பைபர் இழுக்கும் கம்பனியே இணையத்தையும் விற்பதால் இது எங்களுக்குப் புதிதாகத் தெரியும்.

நாடு முழுவதும் 121 சந்திப்பு நிலையங்கள் உள்ளன. ஒரு பகுதி வீடுகளின் தரவு அப்பகுதிக்குரிய நிலையத்தில் சேரும். அங்கே அதைப் பொறுப்பேற்கும் சேவை நிறுவனம் உலக இணையத்தோடு இணைக்கிறது.

சிக்கலும் அந்தக் கைமாறும் இடத்தில்தான். தன் வாடிக்கையாளர் எல்லோருக்குமாகச் சேர்த்து நிறுவனம் அங்கே ஒரு கொள்ளளவை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. செலவைப் பார்த்துக் குறைவாக வாங்கினால், இரவு எட்டு மணிக்கு எல்லோரும் படம் பார்க்கையில் நெரிசல். எங்கள் பின்னேரத்தில் அம்மம்மா வீடியோவில் பேரப்பிள்ளையைப் பார்ப்பதும் அப்போதுதான். முகம் அப்படியே உறைந்து நிற்கும். நாங்களோ எங்கள் சிக்னலைத் திட்டுவோம்! 2023 டிசம்பரில், 100 மெகாபிட்டும் அதற்கு மேலுமான வேகங்களுக்கு இந்தக் கொள்ளளவுக் கட்டணம் நீக்கப்பட்டது. என்னைக் கேட்டால், அது முன்பே நடந்திருக்க வேண்டும்.

வயரே பழுதானாலும் முறைப்பாட்டைச் சேவை நிறுவனத்திடம்தான் சொல்ல வேண்டும். அது என்.பி.என்.இடம் சொல்லும். இருவருக்கும் நடுவே அலைய விட்டால், தொலைத்தொடர்புத் துறை ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாக முறையிடலாம். ஆங்கிலம் கதைக்கத் தயங்கும் முதியவர்கள் அங்கே மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.