ரோம் பேசிக் இல்லையாம்

‘நோ ரோம் பேசிக் – சிஸ்டம் ஹால்ட்டட்.’ தொண்ணூறுகளின் கடைசியில் ரிச்சி தெருவில் சர்வீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்த வாசகம் அத்துப்படி. பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கிப் போய்த் தானே மாட்டிப் பார்த்தவர், மறுநாள் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். “தம்பி, ரோம் பேசிக் இல்லைன்னு சொல்லுதுப்பா. அது தனியா எவ்வளவு ஆகும்?” எனக்குச் சிரிப்பு வராது. இல்லை என்று மெஷின் எதைச் சொன்னதோ அதைத்தானே அவர் கேட்கிறார்!

அவருடைய டிஸ்க்கில் பார்ட்டிஷன் இருந்தது. அதை ‘ஆக்டிவ்’ ஆக்கவில்லை. அவ்வளவுதான் கோளாறு. அதற்கும் பேசிக்குக்கும் என்ன சம்பந்தம் என்று தெரிய 1981-க்குப் போக வேண்டும். ஐபிஎம்மின் முதல் பிசியில் ஹார்ட் டிஸ்க் கிடையாது, ஃப்ளாப்பி டிரைவ்கூடக் கட்டாயமில்லை. புரோகிராமைக் கேசட் டேப்பில் சேமித்துக்கொள்ளலாம். அதனால் பேசிக் மொழியை 32 கிலோபைட் அளவில் போர்டிலுள்ள ரோம் சிப்புகளிலேயே வைத்துவிட்டார்கள். பூட் ஆக எதுவும் கிடைக்காவிட்டால் பயாஸ் ஒரு குறிப்பிட்ட இன்டரப்டை அழைக்கும். பேசிக் திரையில் வந்து நிற்கும்.

1983-இல் எக்ஸ்டி மாடலோடு 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்கும், டாஸ் 2.0-உம், எஃப்டிஸ்க்கும் வந்தன. ஆக்டிவ் பார்ட்டிஷன் எதுவும் இல்லையென்றால் டிஸ்க்கின் முதல் செக்டாரில் இருந்த குறுநிரலும் அதே இன்டரப்டைத்தான் அழைத்தது. ஐபிஎம் மெஷினில் அதற்குப் பதில் சொல்ல ஆள் இருந்தது. நகல் மெஷின்களில் அந்த ரோம் இல்லை. அழைப்பு வந்துவிட்டதே, எதையாவது சொல்ல வேண்டுமே என்று அவற்றின் பயாஸ் எழுதியவர்கள் போட்ட வாசகம்தான் நம்மவரைக் கேபினெட்டோடு பஸ் ஏற வைத்தது. பொய் ஒன்றும் இல்லை. ரோம் பேசிக் உண்மையிலேயே இல்லை. கேட்டவருக்குத்தான் அது தேவையில்லை.

அந்த முதல் செக்டார் மொத்தமே 512 பைட். பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64, கடைசி முத்திரைக்கு 2 போக, நிரலுக்கும் அது சொல்லும் பிழைச் செய்திகளுக்கும் சேர்த்து 446. அதற்குள் மூன்று வாசகங்கள் வைத்திருந்தார்கள். எஃப்டிஸ்க் முடித்துவிட்டு ஃபார்மட் போட மறந்தால் வருவது ‘மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்’. 446 பைட்டில் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. லினக்ஸ் பக்கம் லைலோ இன்னும் கஞ்சம்: தன் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே பூட் ஆகும், ‘எல்ஐ’ என்று நின்றால் எந்தப் படியில் மாட்டிக்கொண்டது என்று நாம்தான் கணக்குப் போட வேண்டும்.

இடம் தாராளமாக இருந்தது எஃப்டிஸ்க்கில்தான். எந்தப் பார்ட்டிஷனும் ஆக்டிவ் இல்லை, ஒன்றை ஆக்டிவ் ஆக்கினால் ஒழிய இந்த டிஸ்க்கிலிருந்து பூட் ஆகாது என்று அதன் பிந்தைய பதிப்புகள் மெனுவின் அடியிலேயே எச்சரித்தன. என்ன குறை, இனி என்ன ஆகும், எதைச் செய்தால் தீரும், மூன்றும் ஒரே வரியில். அதே திரையில் இரண்டை அழுத்தினால் வேலை முடிந்தது. அதைப் படிக்காமல் எஸ்கேப் அழுத்தியவர்கள்தான் என் பெஞ்சுக்கு வந்தார்கள் என்பது வேறு கதை.

1993-இல் பேட்ரிக் வோல்கெர்டிங் வெளியிட்ட ஸ்லாக்வேரில் இந்த மரபு நன்றாகவே வளர்ந்தது. லினக்ஸ் பார்ட்டிஷன் இல்லாமல் செட்டப்பை ஓட்டினால், ஒன்றாவது வேண்டும், செட்டப்பை விட்டு வெளியே போய் இன்ன கட்டளையால் உருவாக்கு என்று பெயர் சொல்லியே காட்டும். இப்போதைய பதிப்புகள் எம்பிஆர் டிஸ்க்குக்கு சிஎஃப்டிஸ்க், ஜிபிடி டிஸ்க்குக்கு சிஜிடிஸ்க் என்று பிரித்தே சொல்கின்றன.

2005-இல் டெபியன் 3.1 புது இன்ஸ்டாலரோடு வந்தது. அதில் ஸ்வாப் வைக்காவிட்டால், திரும்பிப் போய்ச் சேர்க்கிறாயா, ஸ்வாப் இல்லாமலே தொடரட்டுமா என்று கேட்கும். பார்ட்டிஷனுக்கு மவுண்ட் பாயின்ட் கொடுக்காவிட்டால், அது பயன்படுத்தப்படவே மாட்டாது என்று பின்விளைவைச் சொல்லும். ஆனால் முக்கியமான இடத்தில் சறுக்கல்: ரூட் ஃபைல் சிஸ்டம் வரையறுக்கப்படவில்லை, பார்ட்டிஷன் மெனுவில் திருத்துக. எங்கே போக வேண்டும் என்று தெரிகிறது, போய் என்ன செய்வது? பார்ட்டிஷனைத் தேர்ந்து, மவுண்ட் பாயின்ட்டில் ஒரே ஒரு சாய்கோடு போட வேண்டும். அந்தச் சாய்கோட்டை வாசகத்தில் சேர்த்திருந்தால் உபுண்டு போட வந்த எத்தனையோ கல்லூரிப் பையன்களுக்கு அரைநாள் மிச்சம்.

இன்ஸ்டாலரைத் தாண்டி வந்த பிறகும் ரூட் கிடைக்காவிட்டால் கெர்னல் பேனிக். அங்கேகூட 2.6 வரிசையில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். சாவதற்கு முன் கெர்னல், ‘ரூட்=’ என்ற பூட் அமைப்பைச் சரியாகக் கொடு, இருக்கும் பார்ட்டிஷன்கள் இவை என்று தன் கண்ணுக்குப் பட்டதையெல்லாம் பட்டியல் போடும். எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்று வரிசை வந்தால் பூட்லோடரில் எண்ணைத் திருத்தினால் போதும். உங்கள் டிஸ்க்கே பட்டியலில் இல்லையென்றால் பார்ட்டிஷனைத் தொடாதீர்கள். பெரும்பாலும் கன்ட்ரோலருக்கான டிரைவர் ஏறியிருக்காது, இனிட்ஆர்டியைப் பாருங்கள்.