பிள்ளை என்னும் பெயரும் வந்தாள் என்னும் வினையும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் கால்நடை வளர்ப்புச் சொற்களைத் திரட்டுவதற்காக, எம் துறையின் முதுகலை மாணவி ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் களப்பணி மேற்கொண்டார். ஒலிப்பதிவிலிருந்து அவர் எழுதிக் கொண்டுவந்த உரையாடல் ஒன்றில், மூதாட்டி ஒருவர் தம் பசுவைப் பற்றி, "பொழுது சாய்ஞ்சா அவளா வந்து கட்டுத்தறிக்கிட்ட நின்னுக்குவா" என்று கூறியிருந்தார். 'அவள்' என்னும் பெயரையும் பெண்பால் வினைமுற்றையும் சிவப்பு மையால் கோடிட்டு, 'திணை வழு. அது என்று திருத்துக' என ஓரத்தில் நான் எழுதினேன். பேசியதைப் பேசியவாறே எழுதவேண்டும் என்பது களப்பணியின் முதற்பாடம். அதை அம்மாணவிக்குக் கற்பித்தவனும் நானே. திருத்திய பின்னர்தான் ஐயம் எழுந்தது. வழுவென்று நான் அடித்தது உண்மையில் வழுதானா? அவ்வையத்திலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

வளர்ப்புயிரையும் போற்றும் பொருளையும் மக்களுக்குரிய சொல்லால் சுட்டும் வழக்கத்தை, மனிதச் சொல் அஃறிணைக்கு இரவலாகச் சென்றதாகக் கருதுவதே பொது இயல்பு. தமிழில் இக்கருத்தை அப்படியே ஏற்க இயலாது. இங்குச் சில சொற்கள் எதிர்த்திசையில் பயணம் செய்துள்ளன. அதற்கு முதற்சான்று 'பிள்ளை' என்னும் சொல்லேயாகும்.

தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களாகப் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி ஆகிய 9 சொற்களைத் தருகின்றது. பின்னர் இன்ன உயிருக்கு இன்ன பெயர் என்று பங்கிடுகின்றது. பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பும் பிள்ளையும் உரியன. தவழ்பவற்றுக்கும் அவை பொருந்தும். மக்களுக்கோ குழவி, மகவு என்னும் இரண்டு மட்டுமே உரியன. ஏனையவை உரியன அல்ல என்று ஆசிரியர் வரையறுக்கின்றார். இன்று மனித மகவைக் குறிக்கும் மிகப் பொதுவான சொல்லாகிய பிள்ளைக்கு அப்பட்டியலில் மக்களிடத்தில் இடமில்லை. மறுபுறம் ஓரறிவுயிராகிய மரஞ்செடிகளுக்குப் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்னும் பெயர்கள் பொருந்தும் என்றும், நெல்லும் புல்லும் அவற்றை ஏலா என்றும் கூறுகின்றது. எனவே, தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்று சொல்லும் உழவர், மரத்தை மனிதக் குழந்தையாக உருவகித்துப் பேசுகின்றார் என்று விளக்குவது வரலாற்றைத் தலைகீழாக்குவதாகும்.

ஆயின் இதை முடிந்த முடிபாகக் கொள்வதற்கு அந்நூலே தடையாகவும் நிற்கின்றது. புறத்திணையியலில் வரும் 'பிள்ளைநிலை', 'பிள்ளையாட்டு' என்னும் துறைப்பெயர்கள் இளம் போர்வீரனைப் பற்றியன. மக்களுக்குப் பிள்ளைப் பெயர் இல்லை என்னும் மரபியல் விதியோடு இது முரண்படுவதாகத் தோன்றும். மரபியலின் சில பகுதிகள் பிற்காலத்தன என்று கருதும் அறிஞர் உளர்; இம்முரணுக்கு அது ஒரு விடையாகலாம். இலக்கணம் வகுத்த காலத்திலேயே வழக்கு எல்லையைத் தாண்டத் தொடங்கியிருந்தது என்பது மற்றொரு விடை. எனக்கு இரண்டாவதே ஏற்புடையதாகப் படுகின்றது. சோழர்காலக் கல்வெட்டுகளில் திருஞானசம்பந்தர் 'ஆளுடைய பிள்ளையார்' என்று குறிக்கப்பெறும் அளவிற்குப் பிற்காலத்தில் அச்சொல் மனிதரிடம் மட்டுமன்றி வழிபாட்டிலும் இடம்பெற்றுவிட்டது.

அண்டை மொழிகளும் இதே திசையைக் காட்டுகின்றன. தெலுங்கில் 'பில்ல' என்பது விலங்கின் குட்டிக்கும் மனிதக் குழந்தைக்கும் பொது. தமிழ் மரபியல் விலங்கிற்கு வைத்த 'குட்டி' மலையாளத்தில் மனிதக் குழந்தைக்கும் ஆனைக்குட்டிக்கும் ஒருங்கே வழங்குகின்றது. கோழிக்குஞ்சின் 'குஞ்சு' அம்மொழியில் 'குஞ்ஞு' ஆகிப் பச்சிளம் குழந்தையைச் சுட்டுகின்றது. ஆட்டின் இளமைக்கு உரியதாகத் தொல்காப்பியம் கூறும் 'மறி' கன்னடத்தில் 'மரி' என நின்று, செல்லக் குழந்தையை அழைக்கும் விளியாகவும் பயில்கின்றது. விலங்கைக் கொஞ்ச மனிதச் சொல்லை எடுத்தோம் என்பதைவிட, மனிதக் குழந்தையைக் கொஞ்ச விலங்கின் சொல்லை எடுத்தோம் என்பதற்கே தென்னாட்டில் சான்று மிகுதி.

அப்படியாயின், அன்பினால் இடும் பெயரை வெறும் இளமைப் பெயரிலிருந்து எவ்வாறு பிரித்தறிவது? எளிய சோதனை ஒன்று உண்டு. உயிர் முதிர்ந்தபின் அப்பெயர் நீங்குகிறதா என்று பார்த்தால் போதும். தென்னம்பிள்ளை வளர்ந்து காய்த்தால் தென்னைமரம். பிள்ளைப் பெயர் தானாகக் கழன்றுவிடும். ஆனால் அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை, கிளிப்பிள்ளை ஆகியவற்றில் பிள்ளை என்பது பருவத்தைக் காட்டவில்லை. முதிர்ந்த அணிலும் அணிற்பிள்ளையே. கிழட்டுக் கீரியும் கீரிப்பிள்ளையே. அணிலின் இளமைக்குத் தொல்காப்பியம் குட்டி, பறழ் என்னும் பெயர்களையே தருகின்றது என்பதும் இங்கு நோக்கத்தக்கது. ஆகவே அணிற்பிள்ளை மரபியல் வழிவந்த இளமைப் பெயரன்று. வீட்டுக்கூரையிலும் தோட்டத்திலும் மனிதரோடு ஒட்டி வாழ்ந்தவற்றிற்கு வழக்கு அளித்த செல்லப் பெயர் எனலாம். பிள்ளை என்னும் சொல் பருவத்தை விட்டு அன்பைக் குறிக்கத் தொடங்கிய இடம் இதுவே.

நாயின் நிலை இதில் தனித்தது. பன்றி, புலி, முயல், நரி ஆகியவற்றின் குருளையைப் பிள்ளை என்று வழங்கினும் தவறில்லை என்று இசைவு தரும் மரபியல், நாயை மட்டும் அதிலிருந்து விலக்குகின்றது. மனிதனோடு மிக நெருங்கி வாழ்ந்த விலங்கிற்கு மட்டும் ஏன் இந்த மறுப்பு? காரணத்தை நூற்பா கூறவில்லை. நாமும் ஊகிக்க வேண்டுவதில்லை. ஆனால் இன்றைய நகரங்களில் 'என் பிள்ளை' என்று மிகுதியாகக் கொஞ்சப்படுவது அந்த நாய்தான். இலக்கணம் அடைத்த கதவை வழக்கு இவ்வளவு முழுமையாகத் திறந்ததற்கு வேறொரு சான்று காண்பது அரிது.

உயிரற்ற பொருள்களுக்கு வருவோம். புறநானூற்றின் 50ஆம் பாட்டில் மோசிகீரனார் அறியாது ஏறித் துயின்ற முரசுக் கட்டில் நினைவுகூரத்தக்கது. நீராட்டப்பெற எடுத்துச் செல்லப்படும் முரசுக்கு மென்மையான படுக்கை அமைத்திருந்த அரண்மனையில், முரசு அரசனின் உடைமை என்னும் நிலையைக் கடந்து வழிபாட்டுக்குரியதாகியிருந்தது. எனினும் அதற்கு முறைப்பெயர் எதுவும் இல்லை. மதிப்பு உண்டு, கொஞ்சல் இல்லை. கொஞ்சலைக் காண அரண்மனையை விட்டு அடுக்களைக்குச் செல்லவேண்டும். அம்மியில் அரைக்கும் கல்லுக்குக் 'குழவி' என்று பெயர். குழந்தையைக் குறிக்கும் குழவியும் இதுவும் ஒரே வேரினவா என்பது தனியாக ஆராயத்தக்க வினா. மக்கள் வழக்கோ இரண்டையும் ஒன்றாகவே கொண்டுவிட்டது. குழந்தையைத் தொட்டிலிலிடும் சடங்கில் முதலில் குழவிக்கல்லைத் துணியால் சுற்றி, பொட்டிட்டுத் தொட்டிலில் கிடத்தும் வழக்கம் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் உண்டு. கன்னட நாட்டிலும் பெயர்சூட்டு விழாவில் இவ்வாறு கல்லைக் குழந்தையாகப் பாவிக்கும் வழக்கம் உள்ளது. அன்றாடம் மிளகாய் அரைக்கும் கல் அந்த ஒரு பொழுது மூத்த பிள்ளையாகிவிடுகின்றது.

இதுவரை கண்டவை யாவும் பெயர்ச்சொல்லின் எல்லைக்குள் அடங்குவன. தமிழில் அன்பு கடக்கவேண்டிய மற்றொரு வாயில் வினைமுற்று. மலையாளத்தில் இவ்வாயிலே இல்லை. ஏ.ஆர். ராஜராஜவர்மா தம் கேரளபாணினீயத்தில் புருஷபேத நிராசம் என்று குறித்த மாற்றத்தால், அம்மொழியின் வினைகள் பால் காட்டும் விகுதிகளை இழந்தன. இலட்சுமி என்பது பெண்ணாயினும் பசுவாயினும் அங்கே 'வந்நு' என்பதே வினை. எம் வகுப்பில் இரு மொழியும் அறிந்த மாணவர் இந்நுட்பத்தை எளிதில் உணர்கின்றனர். தமிழில் பசுவிற்கு இலட்சுமி என்று பெயரிட்டுவிட்டு அவ்வளவோடு நின்றுவிட முடியாது. வந்தாளா, வந்ததா என்று அடுத்த சொல்லிலேயே தீர்மானிக்க வேண்டும்.

நற்றிணை 172ஆம் பாட்டு இவ்விடத்தில் மிக்க பயன் தருகின்றது. தோழியரோடு விளையாடுகையில் மணலில் அழுத்திய புன்னை விதை முளைக்க, அதனை நெய்யும் பாலும் பெய்து வளர்க்கின்றாள் தலைவி. அம்மரம் உனக்கு உடன்பிறந்தாள் என்று அன்னை கூறியிருந்ததால், அதன் நிழலில் தலைவனோடு நகைத்து விளையாட நாணுவதாகச் செய்தி அமைகின்றது. இப்பாட்டைப் பேசுவோர் பெரும்பாலும் 'நுவ்வை' என்னும் முறைப்பெயரோடு நின்றுவிடுகின்றனர். அத்தொடரில் மரத்தைச் சுட்டும் 'சிறந்தது' என்னும் சொல் அஃறிணை ஒருமையில் நிற்பதைக் கவனித்தோர் குறைவு. முறைப்பெயர் உயர்திணை, அதனோடு இயையும் சொல் அஃறிணை. நாணத்தை உண்டாக்கும் அளவிற்கு உறவு உண்மையானது. ஆயினும் இலக்கண வாயிலைப் பெயர் மட்டுமே கடந்துள்ளது. யாப்பின் தேவையால் அவ்வாறு அமைந்தது என்று கூறுவாரும் இருக்கலாம். அவ்விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை.

வினையும் கடந்து செல்வதை இலக்கணம் வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட இடம் நன்னூல். உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகிய ஐந்து காரணங்களால் திணையும் பாலும் மயங்கினும் அது இயல்பே என்கின்றார் பவணந்தியார். உவப்பினால் அஃறிணை உயர்திணையாவதற்கு உரைகள் மரபாகக் காட்டும் எடுத்துக்காட்டு, ஒருவர் தம் பசுவைத் தம் அன்னை வந்தாள் என்று கூறுவதேயாகும். பெயரும் வினையும் ஒருசேரக் கடக்கின்றன. ஐந்தனுள் உவப்பே முதலில் வைக்கப்பட்டுள்ளது. செறலும் இழிப்பும் அதே நூற்பாவில் இடம்பெறுவதும் கருதத்தக்கது. மனிதனைச் சினத்தால் 'அது' என்று தாழ்த்துவதும், பசுவை மகிழ்ச்சியால் 'அவள்' என்று உயர்த்துவதும் ஒரே வாயிலின் இருபுறம்.

சித்தூர் மூதாட்டி நன்னூல் படித்தவரல்லர். படித்திருந்தும் அவர் பேச்சைத் திருத்தியவன் நான். பல ஆண்டுகள் வழுவமைதியைத் தேர்வு வினாவாகவே கற்பித்ததன் விளைவு அது என்று கருதுகின்றேன். ஐந்து காரணங்களையும் வரிசை மாறாமல் ஒப்பிக்கத் தெரிந்த எனக்கு, அவற்றில் முதலாவது கண்முன் வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை.

மாணவியிடமிருந்து ஒலிப்பதிவை வாங்கி முழுமையாகக் கேட்டேன். தொடக்கத்திலிருந்து பாதிக்கு மேல், தம் பசுவைப் பற்றி அவர் பேசிய ஒவ்வோர் இடத்திலும் வந்தாள், தின்றாள், கோபித்துக்கொண்டாள் என்றே வினைகள் அமைந்திருந்தன. பின்னர் ஒரு வறட்சியாண்டில் தீவனம் வாங்க வழியின்றி அப்பசுவை விற்ற செய்தி வருகின்றது. "தரகர் வந்து ஓட்டிக்கிட்டுப் போனாரு. அது திரும்பிக்கூடப் பாக்கல" என்கின்றார். அதன்பின் பதிவு முடியும்வரை அப்பசுவை அவர் ஒருமுறையும் 'அவள்' என்று குறிக்கவில்லை. நான் திருத்திக் கொடுத்த படியில் முதலிலும் முடிவிலும் 'அது' என்றே இருந்தது. மாணவியின் பழைய கையெழுத்துப் படியைத் தேடியெடுத்து, சிவப்புக் கோடுகளை நீக்கி மீண்டும் தட்டச்சு செய்வித்துள்ளோம். துறைத் தொகுப்பில் இப்போது இருப்பது அப்படியே.