பழைய பெட்டி, புதிய முறைமை, வாப்பாவின் பட்டியல்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

இந்த மாதம் 14 ஆம் திகதி விண்டோஸ் 10 இற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. இன்றைக்குத் திகதி 30. ஒக்டோபர் 30 என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. 35 வருடம். இந்த இரண்டு திகதிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் எங்கள் வீட்டு மேசையில் இருக்கும் ஒரு பழைய கொம்பியூட்டருக்குள் இரண்டும் வந்து சேர்ந்துவிட்டன. அதைத்தான் எழுதுகிறோம்.

முதலில் வாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாப்பா யாழ்ப்பாணத்தில் ஓர் இரும்புக் கடையில் கணக்கெழுதியவர். தமிழ்த் தட்டச்சு தெரியும். தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்த ஆர். முத்தையா எங்களுக்கு அந்நியர் அல்ல, சுண்டிக்குளியில் பிறந்தவர். இளவயதில் மலாயாப் பக்கம் போய், அங்கிருந்தபடி 1930களில் அந்தப் பொறியை உருவாக்கினார். தமிழின் இத்தனை எழுத்தையும் ஆங்கிலப் பொறியின் சில டசின் விசைகளுக்குள் அடக்குவது எப்படி என்பதுதான் அவருக்கு முன்னிருந்த சிக்கல். விசிறியும் புள்ளியும் விழும்போது வண்டி நகராமல் நிற்கும் 'நகரா விசை' அவர் கண்ட வழிகளில் ஒன்று. அவர் போட்ட பாதை பிறகு கொம்பியூட்டர் வரைக்கும் வந்தது. இலங்கையில் நாங்கள் எல்லோரும் பாவித்த பாமினி எழுத்துருவின் விசை ஒழுங்கு பெரும்பாலும் பழைய தட்டச்சுப் பொறியின் ஒழுங்குதான். அதனால்தான் ஐம்பது வயதில் முதன்முதலாக ஒரு கீபோர்டில் கைவைத்த வாப்பாவுக்கு விரல் தடுமாறவில்லை.

1990 இல் வெளியேறியபோது எங்களில் மூத்தவருக்கு ஆறு வயது, இளையவர் உம்மாவின் தோளில். தட்டச்சுப் பொறி கடையிலேயே நின்றுவிட்டது. அடுத்த பத்து வருடம் உலகத்தில் கொம்பியூட்டர் வளர்ந்த காலம். அதில் பல வருடம் குடாநாட்டில் மின்சாரமே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள், அதன் வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். புத்தளத்தில் நாங்கள் கிடுகுக் கொட்டிலில் குப்பி விளக்கோடு இருந்தோம். யாழ்ப்பாணத் தமிழரும் யாழ்ப்பாண முஸ்லிமும் இருநூறு கிலோமீற்றர் இடைவெளியில் ஒரே இருட்டில்தான் இருந்திருக்கிறோம் என்று பிறகு ஊர் நண்பர்களோடு பேசியபோது விளங்கியது.

அந்த இருட்டுக் காலத்தில்தான் இரண்டு காரியம் நடந்தது. 1991 ஒக்டோபரில், நாங்கள் வெளியேறிச் சரியாக ஒரு வருடத்தில், யுனிக்கோட் என்ற பொதுக் குறியீட்டின் முதற்பதிப்பு வெளிவந்தது. அதில் தமிழும் இருந்தது. அதே வருடம் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பல்கலைக்கழக மாணவர் தானாக எழுதிய ஒரு பணிசெயல் முறைமையின் கருவை யாரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று வெளியிட்டார். அதுதான் லினக்ஸ். பாடப்புத்தகம் 'பணிசெயல் முறைமை' என்று எழுதுவதைக் கடையில் 'விண்டோஸ் அடிப்பது' என்று சொல்வோமே, அந்தச் சாமானைத்தான் சொல்கிறோம். இரண்டும் எங்கள் வீட்டுக்கு வந்துசேரப் பல வருடம் எடுத்தது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம். ஏப்ரலில் ஏ9 திறந்தது. வாப்பா பஸ் ஏறி ஊரைப் பார்க்கப் போனார். சோனகத்தெருவில் வீடுகளுக்குக் கூரை இல்லை, கதவு நிலை இல்லை; சுவருக்குள்ளே மரம் நின்றது. எந்த வீடு யாருடையது என்று மற்றவர்களிடம் கேட்டிருக்கிறார். கூட வந்தவர்களே ஆளுக்கொரு பதில் சொன்னார்களாம். திரும்பி வந்து மூன்று நாள் அதிகம் பேசவில்லை. பிறகுதான் 'ஒரு கொம்பியூட்டர் வாங்கவேணும்' என்றார். எங்களுக்குச் சந்தோசம், கேம் விளையாடலாம் என்று.

2003 இல் கொழும்பிலிருந்து பாவித்த பென்டியம் 3 ஒன்று வந்தது. ரேம் 64 எம்பி. விண்டோஸ் 98. வாப்பா அதில் கேம் எதையும் வைக்கவிடவில்லை. சோனகத்தெரு, ஐந்துசந்தி, முஸ்லிம் கல்லூரி வீதி, காதி அபூபக்கர் வீதி என்று வீதி வீதியாக ஒரு பட்டியல் அடிக்கத் தொடங்கினார். வீட்டுக்காரர் பெயர், தகப்பன் பெயர், அடையாள அட்டை இலக்கம், எத்தனை அறை, கிணறு பங்கா தனியா, உறுதி எங்கே, இப்போது குடும்பம் எந்த முகாமில். அசருக்குப் பின் பள்ளியில் ஆட்களிடம் கேட்டு வருவார், இஷாவுக்குப் பின் அடிப்பார். எல்லாம் பாமினியில்.

அடுத்த வருடம் அந்தப் பெட்டிக்கு எக்ஸ்பி போட்டோம். பழைய பெட்டியில் புதிய முறைமை ஏற்றிய எங்கள் முதல் அனுபவம் அது. எக்ஸ்பிக்குக் குறைந்தது 64 எம்பி போதும், 128 இருந்தால் நல்லது என்பது கணக்கு. 'குறைந்தது' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்குப் படித்தோம். ஸ்டார்ட் பட்டனை அழுத்திவிட்டுத் தேநீர் ஊற்றிவரலாம். காரணத்தை இப்போது வகுப்பில் இப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம்: ரேம் என்பது மேசை, ஹாட் டிஸ்க் என்பது அலுமாரி. மேசை சின்னதாக இருந்தால் ஒவ்வொரு கொப்பிக்கும் எழும்பி அலுமாரிக்குப் போகவேண்டும். புதிய முறைமை ஒவ்வொன்றும் கூடுதல் கொப்பிகளோடு வருகிறது. அவ்வளவுதான். இன்னொரு 128 எம்பி வாங்கிப் போட்டதும் பெட்டி எழும்பி நின்றது. (அந்த எக்ஸ்பி இறுவட்டு ஒரிஜினலா, அது ஹலாலா என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்டதில்லை. நாங்களும் கேட்கவில்லை.)

எக்ஸ்பியில் யுனிக்கோட் தமிழ் இருந்தது, லதா என்ற எழுத்துருவோடு. ஆனால் கண்ட்ரோல் பனலுக்குள் போய் ஓர் இடத்தில் சரி அடையாளம் போட்டு, இறுவட்டைத் திரும்பச் செருகினால்தான் தமிழ் ஒழுங்காகத் தெரியும். இது தெரியாமல் கட்டம் கட்டமாகப் பார்த்து 'தமிழ் வராது' என்று முடிவெடுத்தவர்கள் எத்தனை பேர்! வாப்பாவும் பாமினியை விடவில்லை.

பாமினியின் சூட்சுமம் இதுதான். அது உண்மையில் தமிழைச் சேமிப்பதில்லை. ஆங்கில எழுத்தைச் சேமித்துவிட்டு அதற்குத் தமிழ் உடுப்புப் போடுகிறது. 'அம்மா' என்று அடித்தால் பைலுக்குள் கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் உம்மாவும் இல்லை அம்மாவும் இல்லை, அந்த ஐந்து எழுத்துத்தான். எழுத்துரு தொலைந்தால் ஊரே தொலைந்த மாதிரி.

போர் முடிந்து ஊர் திரும்பிய குடும்பங்களில் நாங்களும் ஒன்று. 2011 இல் யாழ்ப்பாணத்தில் கோர் 2 டுவோ ஒன்று பாவித்ததாகவே வாங்கினோம். புத்தளத்துப் பெட்டியின் பைல்களை அதற்கு மாற்றினோம். மீள்குடியேற்றப் பதிவுக்கும் காணி விசயத்துக்கும் அலைந்த நாட்களில் வாப்பாவின் பட்டியல் சட்டப்படி ஒரு சான்று அல்ல. ஆனாலும் 'இந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு இவர், அவருடைய உறுதி இன்னாரிடம்' என்று தேடிப் பிடிக்க அது உதவியது. அதைக் கேட்டு வீட்டுக்கு வந்தவர்கள் இந்தப் பதிவையும் வாசிப்பீர்கள்.

2014 ஏப்ரல் 8 உடன் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தது, விண்டோஸ் 7 போட்டோம். 2016 இல் விண்டோஸ் 10 இலவசமாக வந்தது, ஏற்றினோம். பெட்டி அதேதான். ரேமை 4 ஜிபி ஆக்கி, பழைய ஹாட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி ஒன்று போட்டோம். மேலே சொன்ன கணக்கில், அலுமாரியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்து வைத்த மாதிரி. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது அந்தப் பெட்டியில்தான் பிள்ளைகளுக்கு ஸூம் வகுப்பு எடுத்தோம். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360 அளவுக்கு ஏறியது. புதிய கொம்பியூட்டர் என்ற பேச்சை ஆசிரியச் சம்பளத்தில் அத்தோடு நிறுத்திவிட்டோம்.

இப்போது விண்டோஸ் 10 உம் முடிந்தது. உடனே பெட்டி நின்றுவிடாது, பாதுகாப்புத் திருத்தங்கள்தான் இனி வராது. மைக்ரோசொப்ட் கணக்கோடு பதிந்தால் 2026 ஒக்டோபர் வரை ஒரு வருடம் நீடிக்கலாம். விண்டோஸ் 11 க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்து கேட்கிறார்கள், டிபிஎம் 2.0 என்ற சிப்பும் வேண்டும். 'அதைத் தாண்டி ஏற்ற வழி இருக்கு சேர்' என்று எங்கள் மாணவர் ஒருவர் சொன்னார். இருக்கிறது. ஆனால் 2024 இன் பிற்பகுதியில் வந்த பதிப்பிலிருந்து புராசசருக்குள்ளேயே ஒரு குறிப்பிட்ட கட்டளை இருக்கவேண்டும். கோர் 2 டுவோவில் அது இல்லை. எந்தத் தந்திரத்துக்கும் வேலையில்லை.

கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் உபுண்டு இறுவட்டு ஒன்று தபாலில் இலவசமாக எடுத்திருந்தோம். அந்தக் காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் உலகம் முழுக்க அனுப்பினார்கள். அப்போது விளையாட்டாகப் பார்த்துவிட்டு வைத்ததுதான். சுனாமிக்குப் பிறகு எங்கள் நாட்டுப் பிள்ளைகள் எழுதிய 'சஹானா' என்ற நிவாரண மென்பொருளும் இந்தத் திறந்த மூல வழியில் வந்ததுதான் என்பது பலருக்குத் தெரியாது. இந்த மாதம் இரண்டாவது வார விடுமுறையில் லினக்ஸ் மின்ட் 22 இன் எக்ஸ்எப்சிஇ பதிப்பை ஒரு பென் டிரைவில் இறக்கி, முதலில் நிறுவாமலே ஓட்டிப் பார்த்தோம். வைபை வந்தது. பிரிண்டர் ஒரு மணித்தியாலம் படுத்தியது. பிறகு எல்லாவற்றையும் பிரதி எடுத்துவிட்டு நிறுவினோம். 2029 வரை திருத்தங்கள் வரும். யூடியூப்பில் பெரிய படம் ஓடினால் காற்றாடி சத்தம் போடுகிறது. மற்றபடி விண்டோஸ் 10 ஐ விடச் சுறுக்கு.

பட்டியலைத் திறந்தோம். எதிர்பார்த்ததுதான், அரைப்புள்ளிக் காடு. பாமினி எழுத்துருப் பைலைப் போட்டதும் வாப்பாவின் தமிழ் திரும்பி வந்தது. ஆனால் இன்னும் எத்தனை பெட்டிக்கு இந்த உடுப்பைத் தூக்கிக்கொண்டு திரிவது? யுனிக்கோட்டுக்கு மாற்றத் தொடங்கினோம். மாற்றித் தரும் கருவிகள் நிறைய இருக்கின்றன, ஒரு நிமிட வேலை. சரிபார்ப்பதற்குத்தான் இரண்டு வாரம் போயிற்று. பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் அடிபடும், யுனிக்கோட்டில் எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும். வாப்பா எங்கேயாவது இடைவெளி விட்டிருந்தால் கொம்பு அனாதையாக நிற்கும். அடையாள அட்டை இலக்கத்தை வாப்பா ஆங்கில எழுத்துருவில் அடித்திருந்தார். கருவிக்கு அது தெரியாது. ஒன்பது இலக்கத்துக்குப் பின் வரும் 'வி' எல்லாம் 'ஏ' ஆகிவிட்டது. ஊர் முழுக்க எல்லோருக்கும் ஏ! வாப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். ஒவ்வொன்றாகத் திருத்தினோம்.

திருத்தும்போதுதான் கண்டோம், காதி அபூபக்கர் வீதிப் பைல் பாதியில் பழுதாகிக் கிடக்கிறது. பழைய ஹாட் டிஸ்க்கிலும் அப்படித்தான். 2004 அளவில் வாப்பா புளொப்பியில் பிரதி எடுத்து ஒவ்வொரு முகாமிலும் இரண்டொருவருக்குக் கொடுத்தது உம்மாவுக்கு ஞாபகம். யாருக்கென்று ஞாபகமில்லை. உங்கள் வீட்டு அலுமாரியில், மர்ஹூம்களின் பைலுக்குள், அப்படி ஒரு புளொப்பி கிடந்தால் தயவுசெய்து வீசவேண்டாம். வெயில் படாமல் எடுத்து வையுங்கள். புத்தளத்தில் இருப்பவர்கள் ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புங்கள், இங்கே இருப்பவர்கள் ஜும்ஆவுக்குப் பின் கையில் தந்தால் போதும். வேலை செய்யும் புளொப்பி டிரைவ் ஒன்றை உடைசல் கடையில் தேடிப் பிடித்து வைத்திருக்கிறோம்.