தாமே எழுதிய அடிமை ஓலை



திருவெண்ணெய்நல்லூரில் நடந்த வழக்கைத் தமிழ் மக்கள் நன்கு அறிவர். சுந்தரரின் மணப்பந்தலிலே முதிய வேதியர் ஒருவர் தோன்றி, மணமகன் தமக்கு அடிமை என்று வாதிட்டு, ஓர் ஓலையையும் காட்டினார். சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்தார். மூல ஓலை அவைக்கு வந்தபின்னரே வழக்குத் தீர்ந்தது. வந்தவர் இறைவனே என்பதும் தெரிந்தது. சேக்கிழார் பெரியபுராணத்திற் கூறும் இவ்வரலாற்றிலே ஓலை கொண்டு வந்தவர் ஆண்டவர். முதலில் மறுத்து, பின்பு உணர்ந்து பணிந்தவர் அடியவர்.

இதற்கு மறுதலையாக, எவரும் கேளாமலே தமக்குத் தாமே அடிமைச் சாசனம் எழுதிக் கைச்சாத்திட்ட கிறிஸ்தவ குருவானவர் ஒருவர் உண்டு. அவர் வரலாறு நம் இலங்கையோடு பிணைந்தது. அவரே யோசவ்வாஸ் அடிகள்.

அடிகள் 1651ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆந் திகதி, கோவாவைச் சேர்ந்த பெனாலிம் என்னும் ஊரிலே, பிராமண வழிவந்த கத்தோலிக்கக் குடும்பமொன்றிற் பிறந்தார். 1676இல் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு, 1677 ஆகஸ்ட் 5ஆந் திகதி, தேவமாதாவுக்குத் தம்மை என்றென்றைக்கும் அடிமையாக ஒப்புக்கொடுத்துச் சாசனம் எழுதினார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தாறு. அன்னை வழியாகத் தம்மை முழுமையாக இறைவனுக்கு உரியவராக்குவதே அவர் கருத்து.

அடிமை என்னும் சொல் கிறிஸ்தவ மரபுக்குப் புதியதன்று. அப்போஸ்தலராகிய பவுல் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் தொடக்கத்திலேயே தம்மைக் கிறிஸ்துவின் அடிமை என அறிமுகஞ் செய்கிறார். அவர் எழுதிய கிரேக்கச் சொல் அக்காலத்தில் பிறருக்கு உடைமையாயிருந்த மனிதரைக் குறித்தது. இயேசுநாதரும் பாடுகளுக்கு முன் கெத்செமனித் தோட்டத்திலே, அத்துன்பம் தம்மை விட்டு நீங்கவேண்டுமென மன்றாடியபின்னரே, பிதாவின் சித்தத்துக்குத் தம் சித்தத்தை ஒப்புவித்தார். ஆகவே இப்பணிவு விருப்பமே அற்ற நிலையன்று. தமக்கென ஒரு விருப்பம் உடையவரே அதனை ஒப்புக்கொடுக்க வல்லவர்.

ஆயினும் இங்கு நாம் மறக்கலாகாத ஒன்றுண்டு. அடிகள் சாசனம் எழுதிய காலத்திற் கோவாவிலே மனிதர் மெய்யாகவே விற்கப்பட்டனர். யாழ்ப்பாணத்திலும் நிலைமை வேறன்று. ஒல்லாந்தர் 1707இல் தேசவழமையைத் தொகுத்தபோது அடிமைகளைப் பற்றிய விதிகளும் அதில் இடம்பெற்றன. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844இலேதான். ஒருவர் மனமுவந்து தமக்கு எழுதிக்கொள்ளும் ஓலையும், பிறர் அவரை விலைபேசி எழுதும் ஓலையும் ஒன்றாகமாட்டா. முன்னையது பக்தி, பின்னையது கொடுமை. முன்னையதன் பெருமையைச் சொல்லிப் பின்னையதை மூடிமறைத்தலும் தகாது.

அடிகளின் சாசனம் எத்தகைய வாழ்வைத் தந்தது? 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க குருமாரைத் துரத்தினர். அவர்களுக்கு இடங்கொடுப்போரைக் கடுமையாகத் தண்டித்தனர். ஒல்லாந்தரும் கிறிஸ்தவரே என்பது எண்ணத்தக்கது. குருவின்றித் தவித்த இம்மக்களிடம் வரவேண்டுமென அடிகள் துணிந்தார். ஏழைக் கூலியாளின் கோலத்திலே 1687இல் யாழ்ப்பாணக் கரையில் இறங்கினார். நோயும் பசியும் அவரை வாட்டின. பின்பு சில்லாலையிலே மறைந்திருந்து, இரவுகளிற் சென்று மக்களுக்குத் திருச்சடங்குகளை நிறைவேற்றினார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவிலே ஒல்லாந்தர் தேடுதல் நடத்தியபோது விசுவாசிகள் சிறைப்பட்டனர், அடிகள் அகப்படவில்லை. இறைவனுக்குத் தம்மை அடிமையென்று எழுதியவர், மனச்சாட்சிக்கு முரணான அரச கட்டளைக்கு அடிபணியவில்லை என்பதை நோக்குங்கள்.

பின்னர் புத்தளம் வழியாக 1692இற் கண்டியை அடைந்தார். போர்த்துக்கேயரின் ஒற்றரென்று ஐயுற்று அவரைக் காவலில் வைத்தனர். காவலில் இருந்தபடியே அவர் சிங்களம் கற்றார். காலப்போக்கிலே இரண்டாம் விமலதர்மசூரிய மன்னரின் நன்மதிப்பைப் பெற்றார். பௌத்த மன்னர் ஒருவர் அளித்த ஆதரவிலே அடிகளின் பணி தழைத்தது. 1697இல் கண்டியிற் பெரியம்மை பரவியபோது, உற்றாராற் கைவிடப்பட்ட நோயாளரை மதபேதம் பாராது பேணினார். இறந்தோரை அடக்கஞ் செய்தார்.

உயர்ந்த திருச்சபைப் பதவி ஒன்று அவருக்கு வழங்கப்படவிருந்தபோதும் அதனை ஏற்க மறுத்து, சாதாரண குருவாகவே உழைத்தார். 1711 ஜனவரி 16ஆந் திகதி கண்டியிற் காலமானார். 1995இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் கொழும்பிலே அவருக்கு முத்திப்பேறு அளித்தார். 2015 ஜனவரி 14ஆந் திகதி காலிமுகத்திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

மாணாக்கரிடம் பணிவை எதிர்பார்த்தே நெடுங்காலத்தைக் கழித்தவன் நான். பிரம்பைக் கண்டு வரும் பணிவு, ஆசிரியர் வகுப்பை விட்டு அகன்றதும் அகன்றுவிடும். தானே விரும்பி ஏற்ற பணிவோ, பார்ப்பார் இல்லாத இடத்திலும் நிற்கும். யோசவ்வாஸ் அடிகள் எழுதிய ஓலையை முன்னிட்டு அவர்மீது வழக்குத் தொடுக்க எவரும் இருந்ததில்லை. எனினும் முப்பத்து மூன்றாண்டுகள், கடைசி மூச்சுவரை, அதன்படியே ஒழுகினார். சுந்தரர் வரலாற்றைப் பயின்ற சைவரும் பவுலின் நிருபத்தைப் பயின்ற கிறிஸ்தவரும், அடியார் என்னும் சொல்லின் பொருளை இவரிடத்தும் கண்டு மகிழலாம்.