பல்சாக்கின் கவலையும் கணினி விளையாட்டும்

2013 ஏப்ரல் மாதம் பேட்ரிக் குளூக், டேனியல் குளூக் என்ற இரண்டு சகோதரர்கள் 'கேம் டெவ் டைக்கூன்' என்ற கணினி விளையாட்டை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். விளையாடுபவர் ஒரு சிறிய கம்பெனி தொடங்கி, கணினி விளையாட்டுகள் தயாரித்து விற்று முன்னுக்கு வர வேண்டும். அதுதான் ஆட்டம். விலை சுமார் எட்டு டாலர்.

எப்படியும் இதற்கு ஒரு திருட்டுப் பிரதி வந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் தாங்களே ஒரு பிரதியைத் திருட்டுப் பிரதி போல இணையத்தில் போட்டுவிட்டார்கள். அதில் ஒரே ஒரு மாற்றம். சில மணி நேரம் ஆடிய பிறகு, 'நம் விளையாட்டைப் பலர் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்கிறார்கள்' என்ற பொருளில் ஒரு செய்தி வரும். அதன் பிறகு எவ்வளவு நன்றாகத் தயாரித்தாலும் பணம் கரைந்து கம்பெனி திவாலாகும்.

முதல் நாள் முடிவில் கணக்குப் பார்த்தார்கள். விளையாடியவர்கள் 3,318 பேர். காசு கொடுத்தவர்கள் 214 பேர். மீதி 3,104 பேர் ஓசி. அந்த ஓசிக்காரர்களில் சிலர், 'ஜனங்கள் இப்படித் திருடினால் என் கம்பெனி எப்படிப் பிழைக்கும், தடுக்க வழி உண்டா?' என்று இணையத்தில் யோசனையும் கேட்டிருக்கிறார்கள்!

படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் 214 பேர் கொடுத்த பணம் சுமார் 1,700 டாலர்தான். பெரிய கம்பெனிகளுக்கு இது ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு. வீட்டில் உட்கார்ந்து வேலை செய்யும் இரண்டு பேருக்கு இது ஜீவனம். அப்படிப்பட்ட சின்ன ஆட்கள் என்னதான் செய்வது?

பிரெஞ்சு வழியில் படித்த என் போன்றவர்களுக்கு இதைக் கேட்டதும் பல்சாக் நினைவுக்கு வருவார். கடனில் மூழ்கிக்கொண்டே ராத்திரி பகலாக நாவல் எழுதிய மனிதர். அவர் காலத்தில் பாரிசில் வரும் புத்தகங்களை பிரஸ்ஸல்ஸ் நகரத்து அச்சகங்கள் அப்படியே அச்சடித்து மலிவாக விற்றன. பத்திரிகையில் தொடராக வந்ததைச் சேர்த்து, பாரிசில் புத்தகம் வரும் முன்பே அங்கே புத்தகம் போட்டதும் உண்டு. பெல்ஜியத்துச் சட்டப்படி அது குற்றம் இல்லை. எழுதியவருக்கு ஒரு காசு போகாது. பல்சாக் 1834-இல் பிரெஞ்சு எழுத்தாளர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி இதைப் பற்றிக் கொதித்தார். 1838-இல் எழுத்தாளர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கமும் வைத்தார்கள். பிரான்சும் பெல்ஜியமும் இதற்காக ஒப்பந்தம் போட்டது 1852-இல். பல்சாக் 1850-லேயே இறந்துவிட்டார்.

ஆனால் சட்டம் வரும்வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ஷர்பான்தியே என்ற பாரிஸ் பதிப்பாளர் வேறு விதமாக யோசித்தார். பாரிசில் ஒரு நாவல் அகல எழுத்தில், நிறைய வெற்றிடம் விட்டு, இரண்டு பாகமாக வரும். பாகம் ஒன்று ஏழரை பிராங்க். ஆக, முழுக் கதையும் படிக்கப் பதினைந்து பிராங்க். 1838-இல் அவர் சின்ன அளவில், நெருக்கமான எழுத்தில் அதை ஒரே புத்தகமாக்கி மூன்றரை பிராங்குக்கு விற்றார். நல்ல தாள், பிழை இல்லாத அச்சு. பெல்ஜியப் பிரதியோடு சட்டம் போட்ட சண்டை ஒரு பக்கம்; ஷர்பான்தியே போட்ட சண்டை விலையிலும் தரத்திலும்.

கணினி விளையாட்டுக்காரர்கள் முதலில் இந்த வழியில் போகவில்லை. பூட்டுப் போடத்தான் பார்த்தார்கள். 1980-களின் நடுவில் இங்கிலாந்தில் 'லென்ஸ்லாக்' என்று ஒன்று வந்தது. பெட்டியோடு ஒரு பிளாஸ்டிக் வில்லை கொடுப்பார்கள். திரையில் சிதைந்து தெரியும் எழுத்துகளை அதன் வழியாகப் பார்த்துப் படித்துத் தட்டினால்தான் ஆட்டம் தொடங்கும். 'எலைட்' என்ற புகழ்பெற்ற விளையாட்டின் சில பெட்டிகளில் தவறான வில்லையை வைத்து அனுப்பிவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கியவர் வெளியே நின்றார். கால் நூற்றாண்டு கழித்தும் அதே கதைதான். 2010-இல் பிரெஞ்சுக் கம்பெனியான யூபிசாஃப்ட், விளையாடும் நேரம் முழுவதும் இணையத் தொடர்பு இருந்தே ஆக வேண்டும் என்று ஒரு பூட்டுப் போட்டது. மார்ச் மாதம் யாரோ அதன் சர்வர்களைத் தாக்க, காசு கொடுத்தவர்கள் ஆட முடியாமல் தவித்தார்கள்.

அலுவலகத்தில் காலம் தள்ளிய எனக்கு இது புதிதல்ல. பொய் விண்ணப்பம் தரும் ஒருவரைத் தடுக்க ஒரு சான்றிதழ் கூடுதலாகக் கேட்போம். பொய் சொல்பவர் அந்தச் சான்றிதழையும் எப்படியோ தயார் செய்துகொண்டு முதல் ஆளாக வந்து நிற்பார். நியாயமானவர்தான் வெயிலில் அலைவார்.

பூட்டினால் எவ்வளவு லாபம் என்று கணக்கு வெளியிட்ட கம்பெனியும் உண்டு. அமெரிக்காவில் ரிஃப்ளெக்சிவ் என்ற கம்பெனி, 'ரிகோஷே இன்ஃபினிட்டி' என்ற தன் விளையாட்டை ஆடியவர்களில் நூற்றுக்கு 92 பேர் திருட்டுப் பிரதிக்காரர்கள் என்று 2008-இல் சொன்னது. பூட்டை இறுக்கி இறுக்கி, ஆயிரம் திருட்டுப் பிரதிகளை நிறுத்தினால் கூடுதலாக விற்றது ஒரே ஒரு பிரதி. அதே ஆண்டு இரண்டு இளைஞர்கள் தயாரித்த 'வேர்ல்ட் ஆஃப் கூ' பூட்டே இல்லாமல் வந்தது. அவர்கள் மதிப்பிட்ட திருட்டு நூற்றுக்கு 82. பூட்டியதற்கும் பூட்டாததற்கும் இவ்வளவுதான் வித்தியாசம். அதுவும் பூட்டாதவருக்குச் சாதகமாக.

இந்தக் கணக்கைக் குளூக் சகோதரர்களின் 3,104 பேருக்குப் போட்டுப் பாருங்கள். எல்லோரையும் வெளியே தள்ளியிருந்தாலும் கூடுதலாகக் கிடைத்திருப்பது மூன்று பேர். விளையாட்டுக்கு விளையாட்டு கணக்கு மாறும். மூன்றுக்குப் பதில் முப்பது என்றே வைத்துக்கொண்டாலும் அந்த 214 பேரின் மனசு நோகாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை.

சின்னத் தயாரிப்பாளர்களில் சிலர் இதை முன்னமே புரிந்துகொண்டார்கள். 1980-களின் கடைசியில் அபோஜி என்ற அமெரிக்கக் கம்பெனி முதல் பாகத்தை இலவசமாகக் கொடுத்து, யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. பிடித்திருந்தால் அடுத்த பாகங்களுக்குப் பணம் அனுப்ப வேண்டும். 1993 டிசம்பரில் வந்த 'டூம்' உலகம் முழுக்கப் பரவியதும் இப்படித்தான். நகல் எடுப்பவரே சம்பளம் இல்லாத விளம்பரக்காரர் ஆனார்.

2008-இல் கிளிஃப் ஹாரிஸ் என்ற ஆங்கிலேயர் இன்னும் நேராகப் போனார். தனியாளாக விளையாட்டுகள் தயாரித்து விற்பவர் அவர். 'என் விளையாட்டைத் திருடுபவர்களே, ஏன் திருடுகிறீர்கள்?' என்று வெளிப்படையாகக் கேட்டார். நூற்றுக்கணக்கில் பதில்கள் குவிந்தன. விலை அதிகம், மாதிரி ஆட்டம் போதவில்லை, பூட்டுத் தொல்லை, வாங்குவதைவிடத் திருடுவது சுலபம் என்று பல காரணங்கள். அவர் கோபப்படாமல் பூட்டை எடுத்தார், சில விளையாட்டுகளின் விலையைக் குறைத்தார், மாதிரி ஆட்டத்தை நீளமாக்கினார். நூற்றெழுபது ஆண்டுக்கு முன் ஷர்பான்தியே செய்த காரியம்தான்.

விலையைக் குறைத்தால் திருட்டு ஒழியும் என்று நான் சொல்ல வரவில்லை. 2010 மே மாதம் சில சின்னத் தயாரிப்பாளர்கள் சேர்ந்து 'ஹம்பிள் இண்டி பண்டில்' என்று ஐந்தாறு விளையாட்டுகளை ஒரு கட்டாக விற்றார்கள். உங்களுக்குத் தோன்றியதைக் கொடுங்கள், ஒரு சென்ட் கொடுத்தாலும் போதும் என்றார்கள். ஒரு பகுதி தர்மத்துக்கும் போகும். அப்படியும் காசே கொடுக்காமல் எடுத்தவர்கள் நூற்றுக்கு 25 பேர் இருக்கலாம் என்று அவர்களே மதிப்பிட்டார்கள். ஆனால் ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் பேருக்கு மேல் தாங்களாக மனமுவந்து கொடுத்ததில் பன்னிரண்டு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அந்த 25 பேரைத் துரத்தப் போயிருந்தால் இந்தக் கூட்டம் வந்திருக்காது.

எடுத்தது குற்றமா என்றால் குற்றம்தான். உழைத்தவன் கூலியை மறுப்பதற்கு வேறு பெயர் கிடையாது. சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். ஆனால் சட்டம் வர பல்சாக்கின் ஆயுள் போதவில்லை. அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே! சொந்தமாக ஒரு விளையாட்டோ, ஒரு புத்தகமோ, ஒரு பாட்டோ செய்து விற்கும் பிள்ளை யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான்: கொஞ்சம் ருசி பார்க்க விடு, விலையை நியாயமாக வை, பணம் கட்டுவதைச் சுலபமாக்கு, கட்டியவர் கடிதம் போட்டால் அன்றே பதில் எழுது. எடுத்துக்கொண்டு ஓடுகிறவனை எண்ணிக்கொண்டு ராத்திரி கண் விழிக்காதே. அந்த நேரத்தில் அடுத்த விளையாட்டைச் செய்.